ஆன்லைனில் கல்வித் தொழில்நுட்பம், தலைமைத்துவம் முதுகலை: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது என்ன படிப்பு? எம்.எட். மாதிரியா?

இல்லை. எம்.எட். என்பது ஆசிரியர்களுக்கு ஆசிரியரை உருவாக்கும் தொழிற்படிப்பு. என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரத்தோடு, கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வேண்டியது. "ஆன்லைன் எம்.எட்." என்று யாராவது விளம்பரம் கொடுத்தால் அந்த இடத்திலேயே உஷாராகி விடுங்கள்.

நாம் பேசுவது வேறு. பள்ளியிலோ கல்லூரியிலோ நிறுவனத்திலோ தொழில்நுட்பத்தைக் கொண்டு பாடத்தை எப்படி வடிவமைப்பது, அதை மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்தும்படி எப்படி நிர்வகிப்பது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலை இது. அமெரிக்காவில் இது பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு) வரை இருக்கும். பிரிட்டனில் 180 கிரெடிட் என்பார்கள். அது வேறு அளவுகோல், எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்தியாவில் இதே பெயரில் தேடினால் அதிகம் கிடைக்காது. எம்.ஏ. கல்வியியலுக்குள் ஒரு சிறப்புப் பிரிவாகத்தான் வரும். இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. கல்வியியலில் கல்வித் தொழில்நுட்பம் ஒரு பிரிவு, கல்வி மேலாண்மை இன்னொரு பிரிவு. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் எம்.ஏ.-வில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதைப் பட்டயப் படிப்பாகப் பிறகு முடிக்கிறார்கள்.

ஆன்லைன் டிகிரி செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

செல்லும். ஆனால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த பல்கலைக்கழகம், அனுமதித்த படிப்பு, அனுமதித்த ஆண்டு என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும்.

யுஜிசியின் 2020ஆம் ஆண்டு தொலைதூர, ஆன்லைன் கல்வி விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த முறைகளில் கொடுக்கும் பட்டமும் நேரில் படித்து வாங்கிய பட்டமும் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனியாகவும் அறிவித்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பலர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். அங்கீகாரம் படிப்பு வாரியாக, கல்வியாண்டு வாரியாக வருவது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.காம். நடத்த அனுமதி இருக்கும், எம்.ஏ. கல்வியியலுக்கு இருக்காது. போன வருஷம் பட்டியலில் இருந்த படிப்பு இந்த வருஷம் இல்லாமலும் போகலாம். "சிதம்பரத்துல இருக்கிற பழைய யுனிவர்சிட்டிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டும் பழக்கம் நம் மாவட்டத்தில் அதிகம். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் யுஜிசி தொலைதூரக் கல்விக் குழுவின் இணையதளத்தில் மூன்றையும் பாருங்கள். அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது கேட்டால் அந்த ஒரு பக்கம்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று: தொலைதூரக் கல்வி வேறு, ஆன்லைன் கல்வி வேறு. தொலைதூரத்தில் புத்தகம் வரும், தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். ஆன்லைனில் வீடியோ, படிக்கும் பகுதி, பயிற்சி, கலந்துரையாடல் என எல்லாம் இணையத்தில் நடக்கும். தேர்வும் கண்காணிப்போடு நடக்கும். இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. இக்னோவில் எந்தப் படிப்பு எந்த முறையில் வருகிறது என்பதைத் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எங்கள் ஊரில் ஒரு "ஸ்டடி சென்டர்" இருக்கிறது. எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். சேரலாமா?

வேண்டாம். ஆன்லைன் படிப்பை ஏஜென்சிக்குக் கொடுத்து நடத்த விதிமுறையில் இடமே இல்லை. பணம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளம் வழியாக, பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். ஜிபேயில் ஒரு தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

டிஇபி ஐடி என்று கேட்கிறார்கள். அது எதற்கு?

2024 முதல் இந்தியாவில் தொலைதூரம் அல்லது ஆன்லைனில் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்த மாணவர் எண் கட்டாயம். டிஇபி என்பது யுஜிசி தொலைதூரக் கல்விக் குழுவின் ஆங்கிலச் சுருக்கம். முதலில் டிஜிலாக்கரில் நுழைந்து 12 இலக்க ஏபிசி எண்ணை உருவாக்க வேண்டும். இது உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு. பிறகு அந்த எண்ணைக் கொண்டு யுஜிசி தொலைதூரக் கல்விக் குழுவின் தளத்தில் டிஇபி ஐடி எடுக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் அதைப் போட்டால்தான் விண்ணப்பம் நகரும்.

பத்து நிமிட வேலைதான், இனிஷியல் சரியாக இருந்தால். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கவிதா ஆர்", ஆதாரில் "கவிதா ராமலிங்கம்", பி.எட். சான்றிதழில் "ஆர். கவிதா", பான் கார்டில் கணவர் பெயரோடு "கவிதா செல்வம்" என்று இருப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். நமக்கு நான்கும் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். ஏபிசி எண் ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும், பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலில் உள்ளதைத் தட்டச்சு செய்யும், இரண்டும் மோதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதாரை முதலில் திருத்திவிடுங்கள். சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது ஆதார் மையத்தில் போய் நிற்பது வீண் அலைச்சல். விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பே இந்த வேலையை முடியுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். இதைப் படித்தால் ஊக்க ஊதியம், பதவி உயர்வு உண்டா?

இதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வு முறையைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. முதுகலை ஆசிரியர் பதவிக்கு நீங்கள் நடத்தப்போகும் பாடத்தில் முதுகலையும் பி.எட்.-ம் வேண்டும். கணித பட்டதாரி ஆசிரியருக்குக் கல்வித் தொழில்நுட்ப எம்.ஏ. அந்தப் படிக்கட்டில் ஏற உதவாது. அவருக்கு எம்.எஸ்சி. கணிதம்தான் உதவும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம், பிறகு முதுகலை என்ற வரிசையில் படித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு மேலே எத்தனை டிகிரி அடுக்கினாலும் அரசு வேலையில் சிக்கல் தீராது.

சேரும் முன் துறையின் முன் அனுமதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, முறை, காலம் நான்கையும் எழுதி, பள்ளி நேரத்துக்கும் பணிக்கும் இடையூறு வராது என்ற உறுதிமொழியோடு தலைமை ஆசிரியர் வழியாக அனுப்ப வேண்டும். படித்து முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்பவர்கள்தான் பணிப்பதிவேட்டில் பதிய முடியாமல் மாட்டுகிறார்கள்.

நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் இதேதானா?

யுஜிசி சொல்வது நாடு முழுக்க ஒன்றுதான். பணி விதிகள் வேறு. கடலூரில் இருக்கும் அண்ணன் சொன்ன தமிழக அரசாணை எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அனுமதி புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககத்திலிருந்து வர வேண்டும். உங்கள் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் ப்ராஜெக்ட் செய்யும்போது எடுக்கும் பாடநூலும் தேர்வு அட்டவணையும் கடலூர் நண்பருடையதோடு ஒத்துப்போகாது. சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய நினைப்பவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

வேலையில் இருந்துகொண்டே, அல்லது இன்னொரு டிகிரி படித்துக்கொண்டே இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். 2022 முதல் இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. ஒன்று நேரிலும் மற்றது ஆன்லைன் அல்லது தொலைதூரத்திலும் இருக்கலாம். அனுமதி இருக்கிறது என்பதற்காக பி.எட்.-டோடு சேர்த்து இதையும் படிப்பது எங்கள் பார்வையில் தப்புக் கணக்கு. வகுப்பறையை ஒரு வருஷமாவது பார்க்காதவருக்கு இந்தப் படிப்பில் பாதி புரியாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் முதுகலை நல்லதா?

படிப்பு நல்லதாகவே இருக்கும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழில்நுட்ப எம்.ஏ., எடின்பரோவின் டிஜிட்டல் கல்வி எம்.எஸ்சி. போன்றவற்றுக்குத் துறையில் நல்ல பெயர் உண்டு. கேள்வி அந்தக் காகிதம் உங்களுக்கு எங்கே தேவை என்பதுதான். தனியார் சர்வதேசப் பள்ளி, கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை என்றால் மதிப்புண்டு. இங்கே அரசு வேலை அல்லது பல்கலைக்கழக வேலை என்றால், வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு இணைத்தகுதி வாங்குவதே பெரும்பாடு. அது கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆன்லைன் படிப்புக்கு மாணவர் விசாவும் கிடையாது.

கட்டணம் கேட்கும்போது கிரெடிட் விலையை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். ஒரு கிரெடிட் 500 டாலர் என்றால் 36 கிரெடிட்டுக்கு 18,000 டாலர். அதற்குமேல் தொழில்நுட்பக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் மதிப்பீட்டுக் கட்டணம், வங்கி பிடிக்கும் தொகை என்று வரிசையாக வரும். மாநிலத்துக்கு வெளியே உள்ளவருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று வைத்திருப்பவர்களும் உண்டு. "ஆன்லைன் மாணவர் எல்லோருக்கும் ஒரே கட்டணமா?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரச் சான்று) கேட்கிறார்கள். எங்கே வாங்குவது?

நீங்கள் படித்த கல்லூரி இருக்கும் ஊரில் அல்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தில். இங்கேதான் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் குழப்பம். உங்கள் கல்லூரி இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கலாம். நீங்கள் படித்த காலத்தில் அது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தால் வேலூர் பக்கம் சேர்க்காட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முந்தைய ஆட்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு. பி.எட்.-க்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஆக ஒரே ஆள் இரண்டு மூன்று வாசல் ஏற வேண்டியிருக்கும். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதோ அதுவே உங்கள் முகவரி. டிரான்ஸ்கிரிப்ட் வரும் உறையைப் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். பிரித்த உறை செல்லாது.

மூன்றாண்டு இளங்கலையை நான்காண்டுக்குச் சமமாக ஏற்காத பல்கலைக்கழகங்கள் உண்டு. பி.எஸ்சி.-யோடு பி.எட்.-டையும் சேர்த்துக் கணக்கில் எடுக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுபோகும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிரப்புங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

விளம்பரத்தில் "வேலையோடு எளிதாக" என்றுதான் போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியத் தொலைதூர, ஆன்லைன் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 64 கிரெடிட் கொண்ட இரண்டாண்டுப் படிப்பு என்றால் 1,920 மணி நேரம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சில வாரங்களைக் கழித்துவிட்டு 96 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம். அதாவது தினமும் இரண்டரை மணி, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக இரண்டரை. நடைமுறையில் பலர் இதில் பாதியைத்தான் போடுகிறார்கள். அதனால்தான் இரண்டாண்டுப் படிப்பு நான்காண்டு ஆகிறது.

அமெரிக்கப் படிப்பில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 15 வாரத்துக்கு வாரம் 9 மணி நேரம் என்பது பழைய கணக்கு. ஆன்லைனில் அதே பாடத்தை 7 அல்லது 8 வாரத்தில் சுருக்கி நடத்துகிறார்கள். அப்போது வாரத்துக்கு 17 முதல் 19 மணி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரே ஒரு பாடத்துக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம்.

கெடு நேரம் அமெரிக்க நேரத்தில் இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலும் "ஞாயிறு இரவு 11:59, கிழக்கு நேரம்" என்று போடுவார்கள். அது நமக்குக் கோடைக்காலத்தில் திங்கள் காலை 9:29. குளிர்காலத்தில் 10:29. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நமக்கு ஒரு காலை கூடுதலாகக் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் திங்கள் ஒன்பதரைக்கு நீங்கள் பிரேயரில் நிற்பீர்கள். ஞாயிறு இரவே அனுப்பிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வகுப்பு அங்கே மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை நான்கரை அல்லது ஐந்தரை. பதிவைப் பார்த்தால் போதுமா, கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா என்று சேரும் முன்னரே கேளுங்கள்.

என்ன கம்ப்யூட்டர், எவ்வளவு நெட் வேண்டும்?

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கேமரா உள்ள லேப்டாப் போதும். டெஸ்க்டாப் வாங்காதீர்கள், காரணம் கரண்ட். மொபைலை மட்டும் வைத்துப் படிப்பை முடிக்க முடியாது. கண்காணிப்புத் தேர்வு மென்பொருள் பெரும்பாலும் மொபைலில் ஓடாது.

வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி தின்னும். தினசரி 1.5 ஜிபி ரீசார்ஜில் இரண்டு வகுப்பு தாங்காது. வீட்டில் ஃபைபர் இருந்தால் நல்லது. கூடவே வேறு கம்பெனி சிம் ஒன்றையும் வைத்திருங்கள். கரண்ட் போனால் ஃபைபர் கருவியும் ரவுட்டரும் சேர்ந்து அணையும். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. இதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது. வாங்கும் முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பாருங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டு வெளியீடு உள்ளதாக எடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரையை நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று "தானே" புயல், 2024 நவம்பர் 30 அன்று "ஃபெஞ்சல்" புயல். தேதிகளைப் பாருங்கள், செமஸ்டர் முடியும் நேரம். புயலில் டவரும் சேர்ந்து போகும், இரண்டு சிம் இருந்தும் உதவாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேராசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னவருக்கு அவகாசம் கொடுப்பார்கள். பத்து நாள் கழித்துப் புகைப்படத்தோடு விளக்கம் சொல்பவரைச் சந்தேகிப்பார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் முன்பே பேப்பரில் வந்துவிடும், அன்றைக்குத் தேர்வு நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கோடிங் தெரிய வேண்டுமா?

வேண்டாம். எக்செல் நன்றாகத் தெரிந்தால் போதும்.

பாடத்தில் உண்மையில் என்ன இருக்கும்? ஆப் ஆப்பாகச் சொல்லித்தருவார்களா?

அப்படிச் சொல்லித்தரும் படிப்பு என்றால் சேர வேண்டாம். இன்றைய ஆப் மூன்று வருஷத்தில் இருக்காது.

நல்ல படிப்பில் முதலில் வருவது பாட வடிவமைப்பு. தேவையை ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடுதல் என்ற ஐந்து படிகளை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, ஆடி (ADDIE) மாடல் என்பார்கள். 1970களில் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக உருவானது. எல்லோரும் மூன்றாவது படியில், அதாவது வீடியோ எடுப்பதில், குதித்து விழுகிறார்கள். முதல் படியைத் தாண்டிவிட்டு எடுத்த வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கு எது புரியவில்லை என்பது தெரியாமல் எடுத்ததுதான்.

அடுத்து டிபேக் (TPACK). மிஸ்ராவும் கோலரும் 2006இல் முன்வைத்த சட்டகம் இது. பாட அறிவு, கற்பிக்கும் முறை அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு நடக்கிறது என்கிறது. ஏழாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்த ஒரு அனிமேஷனைப் போட்டுவிட்டால் முடிந்ததா? கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலை வைத்தாலே பார்க்க முடிகிற விஷயம் அது. அனிமேஷன் எதற்குத் தேவை என்றால், டம்ளரில் தெரியாத கதிரின் பாதையைக் காட்ட. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவருக்கு டிபேக் புரிந்துவிட்டது.

ஒரு பழைய சண்டையும் படிக்க வேண்டியிருக்கும். 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்பவர், ஊடகம் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி மட்டுமே, கற்றலை மாற்றுவது கற்பிக்கும் முறைதான் என்றார். ராபர்ட் கோஸ்மா மறுத்தார். இன்றுவரை தீரவில்லை. டேப்லெட் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தச் சண்டை நினைவுக்கு வர வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பில் பொது உதாரணங்கள் அமெரிக்கப் பள்ளிகளாகவே இருக்கும். உங்கள் அசைன்மென்ட்டில் நம் உதாரணத்தை எழுதத் தடையில்லை. திக்ஷா என்ற அரசு இணையக் கல்வித் தளத்தின் க்யூஆர் குறியீடு உள்ள பாடநூல், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023இல் வந்த மணற்கேணி செயலி, பள்ளிகளின் ஹைடெக் லேப் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. பேராசிரியர்களுக்கு இவை தெரியாது என்பதால் ஆவலோடு படிக்கிறார்கள்.

தலைமைத்துவம் என்றால் ஹெச்எம் ஆகும் பயிற்சியா?

பதவிக்கான பயிற்சி அல்ல. அதிகாரம் இல்லாமல் சக ஆசிரியரை மாற வைப்பது எப்படி என்பதே இதில் பெரும்பகுதி. எங்களைக் கேட்டால் படிப்பின் கடினமான பாதி இதுதான். கருவியை யாரும் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். 25 வருஷம் சாக்பீஸில் நன்றாக நடத்திய ஒரு மூத்த ஆசிரியரிடம் "சார், இதைப் பயன்படுத்துங்க" என்று சொல்வது வேறு வேலை. அவர் மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கும். பாடம் நடுவில் ஸ்மார்ட் போர்டு உறைந்துபோய் நாற்பது பிள்ளைகள் முன் நிற்க வேண்டிவந்தால் யாருக்கும் கூச்சமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கூட்டம் போட்டு நடத்தும் பயிற்சி வேலைக்காகாது. காலி பீரியடில் அவரோடு தனியாக உட்கார்ந்து, அவர் நாளைக்கு நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வசதியைச் செய்துகாட்டி, மறுநாள் வகுப்பில் பின்பெஞ்சில் இருந்து உதவினால் நடக்கும்.

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஎஸ்டிஇ என்ற அமைப்பு 2018இல் கல்வித் தலைவர்களுக்கான ஐந்து தர வரையறைகளை வெளியிட்டது. எல்லோருக்கும் சமவாய்ப்பு, தொலைநோக்குத் திட்டம், ஆசிரியருக்கு அதிகாரம் அளித்தல், அமைப்பைக் கட்டுதல், தானும் தொடர்ந்து கற்றல் என்று சுருக்கலாம். பல படிப்புகளின் பாடத்திட்டம் இதைச் சுற்றித்தான் ஓடும்.

பணக்கணக்கும் இதில் வரும். ஒரு ஸ்மார்ட் போர்டின் விலை அதன் செலவு அல்ல. ஐந்தாண்டுக்கு அதை ஓட வைக்க ஸ்டெபிலைசர், யுபிஎஸ் பேட்டரி, இணையம், பழுது, பயிற்சி எல்லாம் வேண்டும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், காலாப்பட்டு போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைத் துருவேற்றிவிடும். வாரண்டி பத்திரத்தில் துரு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. இப்படி ஐந்தாண்டுக் கணக்கு எழுதும் அசைன்மென்ட் ஒன்று எப்படியும் வரும்.

ப்ராஜெக்ட் எப்படிச் செய்வது? எங்கே தப்பு நடக்கிறது?

பள்ளியில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து, அளந்து, எழுத வேண்டும். தலைப்பைப் பெரிதாக வைப்பதுதான் முதல் தப்பு. "கடலூர் மாவட்ட மாணவர்களிடம் டிஜிட்டல் கற்றலின் தாக்கம்" என்பது ப்ராஜெக்ட் அல்ல. "எட்டாம் வகுப்பு ஏ, பி பிரிவுகளில் பின்னக் கணக்கில் ஆறு வாரம் வாராந்திர ஆன்லைன் வினாடி வினா வைத்தால் எந்தப் பிழைகள் குறைகின்றன" என்பது ப்ராஜெக்ட்.

அடுத்த தப்பு நாள்காட்டி. காலாண்டு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், நடுவில் மழை விடுமுறை, பிறகு பொதுத்தேர்வு ஓட்டம். ஆறு வாரம் தொடர்ச்சியாகக் கிடைப்பது ஜூலை, ஆகஸ்ட்டில்தான். ஜூன் கடைசிக்குள் அனுமதி கையில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் வாய்ச்சொல் போதாது, முதன்மைக் கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். அந்த அலுவலகம் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு ஒரு நடையில் முடிகிற வேலை அல்ல அது, ஏப்ரலிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். என்ன செய்யப்போகிறோம், என்ன தகவல் எடுப்போம், எப்போது அழிப்போம், வேண்டாம் என்றால் மதிப்பெண் குறையாது என்ற நான்கும் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத் தளமான எமிஸ் பட்டியலை எடுத்துக் கூகுள் படிவத்தில் ஒட்டாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். பட்டியலை வீட்டில் பூட்டி வையுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

லேபில் எத்தனை கணினி வேலை செய்கிறது என்று நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பத்துதான் ஓடுகிறது, வகுப்பில் நாற்பது பேர் என்றால் நால்வருக்கு ஒன்று. மவுஸ் ஒருவர் கையில்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரே பையன் கையில். சுழற்சி அட்டவணை போடாமல் ஆரம்பித்தால், முடிவில் நீங்கள் அளந்தது அந்தப் பத்துப் பேரின் கற்றலைத்தான்.

மதிப்பெண் கூடவில்லை என்றால் பயப்படாதீர்கள். கூடவில்லை என்று ஒழுங்காக அளந்து, ஏன் என்று எழுதிய அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் உண்டு. எல்லோருக்கும் 30 சதவீதம் கூடியது என்று எழுதிய அறிக்கையைத்தான் பேராசிரியர் இரண்டு முறை படிப்பார்.

ஆங்கிலம் எனக்குத் தடுமாறும். சமாளிக்க முடியுமா?

பேச்சு ஆங்கிலம் அவ்வளவு தேவைப்படாது, வாசிப்பும் எழுத்தும் வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஐஎல்ட்ஸ் 6.5 என்ற அளவைப் பல இடங்களில் கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், சேரும் ஆண்டைப் பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகள் வரும். முதலில் சுருக்கத்தையும் முடிவையும் படித்துவிட்டுத் தமிழில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நடுப்பகுதிக்குப் போங்கள். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக அகராதி பார்த்துப் படிப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அசைன்மென்ட்டை ஏஐ எழுதித்தந்தால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிப்பு மென்பொருளைவிட உங்கள் எழுத்தே காட்டிக்கொடுக்கும். கலந்துரையாடலில் ஒரு மாதிரி, அசைன்மென்ட்டில் வேறு மாதிரி இருந்தால் தெரிந்துவிடும். இல்லாத ஆய்வுக் கட்டுரையை இருப்பது போல ஏஐ மேற்கோள் காட்டும். அதுவே பெரும்பாலானோர் மாட்டும் இடம். மொழியைத் திருத்தப் பயன்படுத்தினால் பாடத்தின் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்து, பயன்படுத்தியதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காசுக்கு அசைன்மென்ட் எழுதித்தரும் கடைகள் பக்கம் போகவே வேண்டாம். ஒரே விடையை ஐம்பது பேருக்கு விற்பவர்கள் அவர்கள்.

முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பாட வடிவமைப்பாளர், மின்பாட உள்ளடக்கம் தயாரிப்பவர், கல்லூரியில் மூடில் போன்ற கற்றல் தளத்தை நிர்வகிப்பவர், தனியார் பள்ளிக் குழுமத்தில் கல்வி ஒருங்கிணைப்பாளர். பெரும்பாலும் சென்னை, பெங்களூரு. சில வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். டிகிரியைவிட நீங்கள் செய்த மூன்று பாடங்களின் மாதிரியைத்தான் கேட்பார்கள். படிக்கும்போதே ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் மாணவர் பெயர், முகம் நீக்கி ஓர் இணையப் பக்கத்தில் அடுக்கி வையுங்கள். கல்வியியலில் யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத விரும்புபவர்களுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

டிகிரி வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்றால்?

அப்படியானால் இரண்டு வருஷத்தைச் செலவழிக்காதீர்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கல்வித் தொழில்நுட்பம் சார்ந்த பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனமான நீப்பாவின் பள்ளித் தலைமை மையம் ஆன்லைனில் படிப்பு நடத்துகிறது. இக்னோவில் கல்வித் தொழில்நுட்பத்துக்கும், பள்ளித் தலைமை மற்றும் மேலாண்மைக்கும் தனித்தனி முதுகலைப் பட்டயங்கள் உண்டு. பலருக்கு இந்தப் பட்டயமே போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஜனவரியில் சேரலாமா, ஜூலையிலா?

இக்னோ போன்ற இடங்களில் இரண்டு முறை சேர்க்கை உண்டு. தேர்வுகள் ஜூன், டிசம்பரில். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வு எழுதப் போனால் படித்தது வீண். ஆண்டு முறைப் படிப்பில் ஜனவரியில் சேர்ந்தால் முதல் தேர்வு டிசம்பரில் வரும், அரையாண்டுத் தேர்வு வேலையும் மழையும் ஒன்றாக. ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வு அடுத்த ஜூனில். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்தபின் மே மாதம் முழுக்கப் படிக்கக் கிடைக்கும். ஜூலையில் சேருங்கள்.